டார்ச் அடித்ததற்கா மன்னிப்பு?

போன வியாழக்கிழமை எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். எழுத வேண்டாம் என்று மூன்று நாள் அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

கடைசி ரயிலில் வந்து இறங்கிய பெண். விளக்கு எரியாத அந்த நாலாவது கம்பம். பின்னாலேயே வந்த ஆளின் முகத்தில் டார்ச் அடித்து, "யாரு நீங்க? அங்கேயே நில்லுங்க" என்றாள். அவர் பி பிளாக் வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று தெரிந்ததும் அங்கேயே சாரியும் சொல்லிவிட்டாள். அதற்கப்புறமும் 200 பேர் இருக்கும் குழுவில் மறுபடி மன்னிப்புக் கேட்க வைத்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் செய்தது சரி. முழுக்கச் சரி.

டார்ச் என்ன செய்யும் என்று தெரிந்து பேசுங்கள். இருட்டுக்கு நம் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணில் 1000 லூமென் (லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் குவிந்து விழுந்தால், கண்ணை மூடினாலும் முன்னால் ஒரு வெள்ளைத் திட்டுதான் நிற்கும். சில நொடிதான். அந்தச் சில நொடியில் எதிரில் நிற்பவன் யார், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று நமக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு நாம் எந்தப் பக்கம் ஓடினோம் என்று தெரியாது. அவ்வளவுதான் அதன் வேலை. பகலில் இது பயன்படாது, விளக்கு எரியும் தெருவிலும் பெரிதாகப் பயன்படாது. தெருவிளக்கு எரிந்திருந்தால் அவளுக்கு அது தேவைப்பட்டிருக்காது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

"போன்லயே டார்ச் இருக்கே" என்று ஒருவர் கேட்டிருந்தார். 2017இல் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனிலிருந்து ஒருவன் பின்னாலேயே வந்தான். நான் நின்றால் நின்றான், நடந்தால் நடந்தான். பையில் போனைத் துழாவி எடுத்தால், விரல் வேர்வைக்குப் பூட்டு திறக்கவில்லை. ஒருவழியாகத் திறந்து டார்ச் போட்டால் என் கால் முன்னால் இரண்டடி தெரிந்தது. அவன் முகம் தெரியவில்லை. டார்ச்சுக்காகப் போனைப் பிடித்திருந்த கையால் போலீஸுக்கு 100ஐயும் அழுத்த முடியவில்லை. ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த டீக்கடைக்குள் ஓடி நின்றேன். டீ மாஸ்டர் அண்ணன்தான் வீடு வரைக்கும் கூட வந்தார்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அப்போதெல்லாம் எங்கள் வயலுக்கு ராத்திரியில்தான் த்ரீ பேஸ் கரண்ட் வரும். மோட்டார் போட, வருஷக்கணக்காக இருட்டு வரப்பில் நடந்த மனிதர். "லைட் கையில இருக்கணும்மா. பையில இருந்தா அது லைட்டே இல்ல" என்றார். நான் ஏன் அந்த நேரத்தில் வந்தேன் என்று அவர் கேட்கவே இல்லை.

இப்போது என் கையில் இருப்பது 18650 என்கிற, விரல் நீள ரீசார்ஜ் பேட்டரி போட்ட டார்ச். பின்பக்கம் ரப்பர் பட்டன். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். ஸ்டேஷன் படியிறங்கும்போதே கயிறு மணிக்கட்டில் ஏறிவிடும்.

"அவன் அதைப் பிடுங்கிக்கொண்டால்?" பிடுங்குகிற தூரத்துக்கு வரும் முன்பே அடிக்கத்தான் டார்ச்.

"போலீஸ் கேஸ் ஆகியிருக்கும்" என்று மிரட்டினாரே ஒரு பெரியவர், அவருக்கு: பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. தேவைக்கு மேல் தீங்கு செய்யாதே என்கிறது 37ஆம் பிரிவு. வெளிச்சம் அடித்து, விலகி நின்று, யார் என்று கேட்டதில் என்ன தீங்கு?

விருந்தாளி நல்லவர் என்கிறீர்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். அந்த நல்லவருக்கு என்ன ஆனது? கண் கூசியது. அவள் கையில் பெப்பர் ஸ்பிரே இருந்து, பயத்தில் அடித்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு அல்லவா போயிருப்பார்? ஆள் மாறிப்போனாலும் ஒரு சாரியோடு முடிந்துவிடும் தற்காப்பு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். விற்பவர்கள் வீடியோவில் காட்டுவதுபோல், விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் போட்டால் யாரும் சுருண்டு விழமாட்டார்கள். சிலருக்கு அது வலிப்பைத் தூண்டும், அதனால் நான் போடுவதில்லை. ஆளை அடிக்கவென்று முனையில் பல் வைத்த டார்ச் மாடலும் வேண்டாம். வெளிச்சம் போதும்.

"அந்த நேரத்தில் பொண்ணுக்கு வெளியே என்ன வேலை?" இதற்கு 14 பேர் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள். எண்ணினேன். அதில் 3 பேர் பெண்கள், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள். அவள் வேலை முடிந்து வருகிறாள். உங்கள் விருந்தாளியும் அதே நேரத்தில்தான் வந்தார். அவரிடம் யாராவது கேட்டீர்களா? அந்தக் கம்பத்து விளக்கைப் பற்றி இந்தக் குழுவில் நான் மட்டும் 5 முறை போட்டிருக்கிறேன். அதற்கு ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை.

நேற்று ராத்திரி அதே ரயிலில் அவளைப் பார்த்தேன். கையில் டார்ச் இல்லை. கேட்டதற்கு, "அம்மா பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்கக்கா" என்றாள். என் டார்ச்சைப் போட்டுக்கொண்டு டி பிளாக் வாசல் வரைக்கும் இருவரும் நடந்தோம். நாலாவது கம்பத்துக்கிட்ட வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.