கல்லறை இல்லாத இடத்துக்கு ஏன் போகிறார்கள்?

நாஜி முகாம்கள் இருந்த இடங்களுக்கு யூதர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் போய்வருவதைப் பார்த்து, "எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன, இன்னும் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. ட்ரெப்ளிங்காவைப் பற்றி அறிந்த எவருக்கும் இப்படிக் கேட்க வாய் வராது.

போலந்தின் தலைநகர் வார்சாவுக்கு வடகிழக்கே காட்டுக்கு நடுவில் நாஜிகளின் கொலை முகாம் இருந்த இடம் அது. 1942 ஜூலையில் தொடங்கி ஓராண்டுக்குச் சற்று கூடுதலான காலத்தில் எட்டு லட்சத்துக்கும் அதிகமான யூதர்களை அங்கே கொன்றார்கள். ஆஷ்விட்ஸில் வேலைக்கென்று பிரித்தெடுத்தவர்களுக்காவது கையில் எண்ணைப் பச்சை குத்தினார்கள், ஏதோ ஒரு பதிவு இருந்தது. இங்கே அதுவும் கிடையாது. ரயிலிலிருந்து இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் சில மணி நேரத்துக்குள் நச்சு வாயு அறைகளில் உயிரை விட்டார்கள். புதைத்த உடல்களைப் பிறகு தோண்டியெடுத்து எரித்தார்கள். 1943 ஆகஸ்ட் 2 அன்று கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதற்குப் பின் முகாமையே இடித்து, நிலத்தை உழுது, லூபின் செடிகளை விதைத்து, ஒரு பண்ணை வீட்டையும் கட்டி வைத்தார்கள். இங்கே எதுவும் நடக்கவில்லை என்று நிலமே பொய் சொல்ல வேண்டும் என்பதுதான் திட்டம்.

என்னோடு பணிபுரியும் தோழி ஒருவர் சென்ற ஆண்டு அங்கே போய்வந்தார். அவருடைய பாட்டி செஸ்டகோவா நகரத்துக்காரர். 1942 செப்டம்பரில், யோம் கிப்பூர் நோன்புக்கு மறுநாள், அந்த நகரத்து யூதர்களை ட்ரெப்ளிங்காவுக்கு ஏற்றி அனுப்பத் தொடங்கினார்கள். இரண்டே வாரங்களில் சுமார் 40,000 பேர். ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு நிறுத்தி வைத்ததால் பாட்டி பிழைத்தார். பெற்றோரும் இரண்டு தம்பிகளும் போய்விட்டார்கள். எந்த ரயில், எந்த நாள் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. யூதர்களும் நம் திதியைப் போலவே இறந்த நாளைத் தங்கள் மரபுவழி நாட்காட்டியில் கணக்கிட்டு ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறார்கள். நாளே தெரியாதவர் என்ன செய்வார்? யோம் கிப்பூருக்கு மறுநாளையே அந்தக் குடும்பம் வைத்துக்கொண்டது.

1964இல் திறந்த நினைவிடத்தில் சுமார் 17,000 கற்களை நட்டிருக்கிறார்கள். சிலவற்றில் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. தனி மனிதரின் பெயர் தாங்கியது ஒன்றே ஒன்று: தன் அநாதை இல்லத்துக் குழந்தைகளை விட்டுப் பிரிய மறுத்து அவர்களோடு போன யானுஷ் கோர்சாக்கின் கல். மற்றவர்களின் வாரிசுகளுக்கு ஊரின் கல்தான் குடும்பக் கல்லறை. தோழியும் தன் ஊர்க் கல்லைத் தேடிப் பிடித்து, யூத வழக்கப்படி அதன்மேல் ஒரு சிறு கல்லை வைத்தார். இறந்தவர்களுக்காகச் சொல்லும் கதீஷ் பிரார்த்தனைக்கு மரபுப்படி பத்துப் பேர் வேண்டும், அவரோ தனியாக நின்றார். நால்வரின் பெயர்களையும் உரக்கச் சொன்னாராம்.

இதை வெறும் துக்கம் என்று என்னால் சுருக்க முடியாது. தாத்தாவையும் பேரனையும் ஒரே ரயிலில் ஏற்றியவர்கள், இறந்தவர்களுக்காக அழவும் விளக்கேற்றவும் ஒருவரும் மிஞ்சக் கூடாது என்றே அதைச் செய்தார்கள். எண்பது ஆண்டு கழித்து ஒரு கொள்ளுப்பேத்தி வந்து நின்று பெயர் சொல்லும்போது அந்தத் திட்டம் தோற்கிறது. நாஜிகள் கொன்ற யூதர்களின் நினைவைக் காக்கும், ஜெருசலேமிலுள்ள யாத் வஷேம் நிறுவனம் சுமார் 50 லட்சம் பெயர்களைத் திரட்டியிருக்கிறது. அவற்றில் பெரும் பங்கு, இப்படிப்பட்ட உறவினர்கள் ஆளுக்கொரு தாளாக நிரப்பிக் கொடுத்தது. இன்னும் சுமார் பத்து லட்சம் பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை.

ஆகவே "எதற்கு" என்று கேட்பதை விடுங்கள். போலந்துப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் இங்கேயும் போங்கள், படித்துவிட்டுப் போங்கள், ஏனென்றால் பார்ப்பதற்கென்று அங்கே எதையும் விட்டுவைக்கவில்லை. ஏதாவது ஒரு கல்லின் முன்னால் யாராவது நின்றுகொண்டிருந்தால் கேமராவை உள்ளே வைத்துவிட்டு விலகி நடங்கள். அவர் தன் வீட்டாரோடு இருக்கிறார்.