வாக்கு சதவீதம் குறைந்தது, வாக்காளர்கள் குறையவில்லை

மலேசியாவின் 2022 பொதுத்தேர்தலில் 'இளைஞர் அலை' வீசியது, ஆனால் மக்கள் சலிப்பில் வாக்கு சதவீதம் சரிந்தது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. இரண்டையும் சரிபார்க்க வேண்டும்.

2018-இல் பட்டியலில் 1.49 கோடிப் பேர், 82 சதவீதம் வாக்களித்தார்கள்: சுமார் 1.23 கோடி. 2022-இல் 2.11 கோடி, 74 சதவீதம்: சுமார் 1.56 கோடி. 30 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வந்திருக்கிறார்கள்! விண்ணப்பிக்காமலே வயது வந்தவர்களைச் சேர்க்கும் தானியங்கிப் பதிவால் பட்டியல் வீங்கியதே சதவீதம் இறங்கக் காரணம். புதிதாகச் சேர்ந்த 60 லட்சத்தில் 18-20 வயதினர் ஏறத்தாழ 14 லட்சம்தான். மிச்சப் பேரில் பெரும்பாலோர் 21 வயதை எட்டியும் அதுவரை பதிந்துகொள்ளாமலே இருந்தவர்கள்.

வயதுவாரியாக யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதை அங்கே ஓரளவு கணக்கிடலாம். ஒவ்வொரு வாக்களிப்பு மையமும் வயதுப்படி 'சாலுரான்' எனும் வாக்களிப்புப் பிரிவுகளாகப் பிரிக்கப்படும்: முதியவர்களுக்கு 1-ஆம் சாலுரான், இளையவர்களுக்குக் கடைசி சாலுரான். முடிவும் சாலுரான்வாரியாக 14-ஆம் படிவத்தில் பதிவாகும். ஆனால் ஒரே சாலுரானில் மலாய், சீன, இந்திய வாக்காளர்கள் கலந்திருப்பார்கள். இனவாரி விகிதத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொருத்தாமல் 'இளைஞர்கள் பெரிக்காத்தானுக்கு (பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணிக்கு) போட்டார்கள்' என்று பொதுவாகச் சொல்வது பிழை. மலாய்க்காரர் பெரும்பான்மைத் தொகுதிகளுக்கு அது பொருந்தலாம், கலப்புத் தொகுதிகளுக்குப் பொருந்தாது.

மலாய்க்காரர் கட்சியான அம்னோ மீதான கோபம் மெய்தான். அது தலைமை தாங்கும் தேசிய முன்னணி 79-இலிருந்து 30 இடங்களுக்கு இறங்கியது. ஆனால் கோபம் இடங்களாக மாறுவதைத் தொகுதி எல்லைகளும் தீர்மானிக்கின்றன. பாங்கி தொகுதியில் 3 லட்சம் வாக்காளர், இகான் தொகுதியில் 28 ஆயிரம், இரண்டுக்கும் ஒரே உறுப்பினர். இந்த அநியாயத்தைக் கட்டுரை தொடவே இல்லை.