அயர்லாந்துக்காக அமெரிக்காவில் விற்ற பத்திரம்

"புலம்பெயர்ந்தவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள், அயர்லாந்து விடுதலை பெற்றது" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். கொடுத்தது உண்மை. ஆனால் அந்தப் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு.

1919 ஜனவரியில், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அயர்லாந்தின் டப்ளினில் சுதந்திர நாடாளுமன்றம் கூடியது. எந்த வல்லரசும் அங்கீகரிக்கவில்லை, கஜானாவும் காலி. பஞ்சத்துக்குத் தப்பி 1840களில் கப்பலேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நியூயார்க், பாஸ்டன், சிகாகோவில் வேரூன்றியிருந்தார்கள். இங்கிலாந்தின் லிங்கன் சிறையிலிருந்து தப்பிய, அந்தச் சுதந்திர அரசின் தலைவரான டி வலேரா அந்த ஜூனில் அவர்களிடம் போனார்.

அங்கீகாரமில்லாத அரசு அமெரிக்காவில் கடன் பத்திரம் விற்றால் அங்குள்ள பங்குபத்திரச் சட்டங்கள் குறுக்கே நிற்கும். வக்கீல்கள் வழி கண்டுபிடித்தார்கள்: பத்திரத்தை விற்காதே, பின்னால் பத்திரம் தருவதாகச் சொல்லும் சான்றிதழை விற்றுவிடு. சர்வதேச அங்கீகாரம் கிடைத்து ஒரு மாதம் கழித்து அதைக் கொடுத்து அசல் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம். வட்டி 5 சதவீதம். அதுவும் பிரிட்டிஷ் ராணுவம் வெளியேறிய ஏழாம் மாதம் முதல்தான். குறைந்த மதிப்பு 10 டாலர். இதை முதலீடு என்று எவரும் நம்பியிருக்க முடியாது. ஆனாலும் 1920 ஜனவரியில் விற்பனை தொடங்கி, சுமார் 3 லட்சம் பேரிடமிருந்து 50 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. தலைக்கு 17 டாலர் அளவில்தான் வருகிறது. பெரும் பணக்காரர்கள் தூக்கி நிறுத்திய கடன் அல்ல இது.

அயர்லாந்துக்குள்ளே அந்த அரசின் நிதியமைச்சர் மைக்கேல் காலின்ஸ் திரட்டிய கடனுக்கு பிரிட்டிஷ் அரசின் தடை. விளம்பரம் போட்ட பத்திரிகைகளை மூடினார்கள். அப்படியும் சுமார் 3,70,000 பவுண்டு வந்தது. அதில் தங்கமாக வந்ததை ஒரு ஆதரவாளர் தன் வீட்டுத் தரைக்கடியில், குழந்தைச் சவப்பெட்டிக்குள் வைத்துப் புதைத்தார்.

கெட்டது எங்கே? பணத்தையும் குரலையும் யார் ஆள்வது என்பதில். அமெரிக்க ஐரிஷ் தலைவர்கள் ஜான் டிவாய், நீதிபதி கோஹலன் ஒரு பக்கம். டி வலேரா மறுபக்கம். 1920இல் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு இரு தரப்பும் அயர்லாந்து பற்றித் தனித்தனித் தீர்மானம் கொண்டுபோயின. கட்சி இரண்டையுமே கைவிட்டது. (இதற்கிடையே டி வலேராவோடு அமெரிக்காவில் இருந்த ஹாரி போலண்ட் சோவியத் பிரதிநிதிக்கு 20,000 டாலர் கடன் கொடுத்து, ஈடாக ரஷ்ய அரச நகைகளை வாங்கி வைத்தார். அவற்றை மாஸ்கோ மீட்டது 1949இல்!)

1922இல், பிரிட்டனோடு செய்த சமாதான ஒப்பந்தத்தை ஏற்பதா எதிர்ப்பதா என்று இயக்கம் உடைந்தபோது, பணத்தில் கணிசமான பகுதி நியூயார்க் வங்கிகளில்தான் கிடந்தது. இரு தரப்பும் வழக்காடின. 1927இல் நீதிமன்றம், இருவருக்கும் இல்லை, கொடுத்தவர்களுக்கே திருப்பு என்றது. ஒப்பந்தத்தை எதிர்த்த டி வலேரா விடுவாரா? அந்த உரிமையைத் தன் பேருக்கு எழுதித் தரச்சொல்லிக் கடிதம் அனுப்பினார். அப்படி வந்த பணத்தையும் போட்டு 1931இல் நாளிதழ் தொடங்கினார். பிறகு ஆட்சிக்கு வந்து, மிச்சக் கடனை டாலருக்கு 1.25 டாலர் கணக்கில் அடைக்க 1933இல் சட்டமும் போட்டார். எழுதி வாங்கிய சான்றிதழ்களுக்கான தொகை அவருடைய நாளிதழுக்கே போனது. எதிர்க்கட்சிகள் அன்றே கொதித்தன, அதில் நியாயம் இருந்தது என்றுதான் நான் சொல்வேன்.