பாதியில் நிற்கும் கண்ணாடி

பெங்களூருவில் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் காரில் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி பாதியில் நின்று தொலைக்கிறது. சில்க் போர்டு சிக்னலில் ஒரு கை சுவிட்சில், மறு கை கண்ணாடியைத் தூக்கிவிட. மெக்கானிக் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக்கூடக் கழற்றாமல், "மோட்டார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்கிறார். அட, சுவிட்சை அழுத்தினால் மோட்டார் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறதே!

ஜே.சி. ரோட்டில் ஒருவர் பொறுமையாகக் கழற்றிக் காட்டினார். கண்ணாடியை ஏற்றி இறக்குகிற ரெகுலேட்டரின் கேபிள் நூல் நூலாகப் பிரிந்து, கண்ணாடியைப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் உடைந்து கிடந்தது. ஓரத்து ரப்பர் காய்ந்து இறுகியதில் கண்ணாடி சிக்கிச் சிக்கி ஏறி, பாரமெல்லாம் கேபிள் மேல். விரல் நுனி அளவு கிளிப். அது தனியாகக் கிடைக்காதாம், முழு ரெகுலேட்டரும் வாங்கணுமாம். இது என்ன நியாயம்?