28-ஐவிட 29 சிறியதாம்!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 28 அங்குலச் சக்கரம் பெரியதா, 29 அங்குலச் சக்கரம் பெரியதா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சைக்கிள் உலகத்தில் மட்டும் அது தப்பான பதில். என் வாப்பாவின் பழைய ஹெர்குலிஸில் இருக்கும் 28 அங்குல ரிம்மில், டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். மலைச் சைக்கிளுக்கென்று விற்கும் 29 அங்குல ரிம்மில் அதே இடம் 622. அந்த 622-ஐத்தான் ரேஸ் சைக்கிள்காரர்கள் 700சி என்கிறார்கள். ஐரோப்பாவில் அதையே 28 என்றும் சொல்கிறார்கள். ஒரே ரிம்முக்கு மூன்று பெயர், ஒரே பெயரில் இரண்டு ரிம். டயரின் தடிமனையும் சேர்த்து வெளிச்சுற்றை உத்தேசமாக அளந்து வைத்த பெயர்கள் அவை என்று விளக்கம் வேறு. உத்தேசமாம்! எங்கள் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர் ஒரு நாள் கூடைக்கு இப்படி உத்தேசமாகப் பெயர் வைத்துப் பார்க்கட்டும். அன்று மாலை அவர் ஊரில் இருக்கமாட்டார்.

அந்த ஹெர்குலிஸைப் புது மாதிரிச் சைக்கிளாக மாற்ற இறங்கி எட்டு மாதமாகிறது. எட்டு மாதமும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சைக்கிள் ஃபிரேம் தலைகீழாகத் தொங்குகிறது. உம்மா அதில் ஈரத் துண்டு காயப்போடப் பழகிவிட்டார்கள்.

1978-இல் கொழும்பு வியாபாரத்தை முடித்துக்கொண்டு கீழக்கரைக்குத் திரும்பிய வாப்பா, இராமநாதபுரத்தில் வாங்கி, அங்கிருந்து மிதித்தே வீட்டுக்குக் கொண்டுவந்த சைக்கிள் அது. 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. இரும்புக் குழாய்களை லக் என்னும் மூட்டுகளில் செருகி, பித்தளையை உருக்கிவிட்டுப் பற்றவைத்த ஃபிரேம். கனம் அதிகம்தான். ஆனால் பின்னால் அரிசி மூட்டை, முன்பாரில் நான் என்று வருடக்கணக்கில் சுமந்தும் ஒரு மூட்டுகூட விட்டதில்லை. அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. தப்பு அங்கேதான் தொடங்கியது.

நான் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஃபிரேம் அப்படியே இருக்கட்டும், அகலமான டயர், வளைந்த ஹேண்டில் பார், பின்னால் ஒன்பது பல்சக்கரம், டிஸ்க் பிரேக். தாரிலும் மண்ணிலும் ஒன்றுபோல ஓடும் இந்த வகைக்குக் கிராவல் பைக் என்று பெயர். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கி, பனங்காட்டு வழியாக ஒரு பக்கம் சேதுக்கரை, பெரியபட்டினம், இன்னொரு பக்கம் ஏர்வாடி தாண்டி வாலிநோக்கம் உப்பளம் வரை போய்வர வேண்டும். அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மாமாவிடம் பெயரைச் சொன்னேன். “கிராவல் மண் அடிக்கத்தான் டிப்பர் லாரி இருக்கிறதே தம்பி, சைக்கிளில் எத்தனை நடை அடிப்பாய்?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். எங்கள் மாவட்டத்தில் கிராவல் என்றால் லோடு கணக்கில் வரும் செம்மண். அவரைக் குறை சொல்லமுடியாது.

கணக்குப் போட்டுத்தான் இறங்கினேன், கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. 635 ரிம்மின் ஆரம் 317.5, அதன்மேல் 38 மில்லிமீட்டர் டயர், மொத்தம் 355.5. 622 ரிம்மின் ஆரம் 311, அதன்மேல் 45 மில்லிமீட்டர் டயர், மொத்தம் 356. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! பழைய சக்கரம் இருந்த இடத்தில் புதியது உட்கார்ந்துவிடும் என்று அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்த அரை மில்லிமீட்டர்தான் என்னைக் கெடுத்தது.

டயர் கேட்டு எழுதினேன். 622 என்று தெளிவாக எழுதினேன். வந்தது 584. “சார், அதுவும் கிராவல் டயர்தான்” என்று தொலைபேசியில் ஒரு குரல். கிராவல் டயர்தான், யார் இல்லை என்றது? உன் செருப்பும் செருப்புதான், அதற்காக என் காலில் ஏறுமா? திருப்பி அனுப்பினேன். அடுத்து வந்தது 28 என்று அட்டையில் எழுதிய 635. எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் அதே டயர். அது கூரியரில் ஏறி ஆயிரம் கிலோமீட்டர் வந்திருக்கிறது! டயரின் பக்கவாட்டில் இந்த மூன்று இலக்க எண்ணைச் சின்னதாக அச்சடித்துத்தான் இருக்கிறார்கள். விற்கிறவன் அதைப் படிக்கவேண்டும், அட்டையில் எழுதவேண்டும், அது மட்டும் நடக்காது.

சக்கரம் ஒருவழியாக வந்தது. மாட்டப் போனால் பின்பக்கக் கவட்டையில் நுழையவில்லை. சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றி இருப்பது ஹப். பழைய ஒற்றைப் பல்சக்கர ஹப்புக்கு 110 மில்லிமீட்டரை ஒட்டிய அகலம் போதும். டிஸ்க் வைத்த ஹப்புக்கு 135. அதற்கும் புதியது என்றால் 142, அதில் அச்சே வேறு மாதிரி, ஃபிரேமுக்குள் நுழைத்துத் திருகுவது. இரும்பு என்பதால் சூடுபடுத்தாமலே கொஞ்சம் விரிக்கலாம், அலுமினியத்தில் அதை நினைத்துக்கூடப் பார்க்கக்கூடாது. சைக்கிள் கடைக் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) நீளமான மரைக் கம்பி ஒன்றைக் குறுக்கே வைத்து, இரண்டு நட்டைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, அரைநாள் எடுத்து விரித்துக் கொடுத்தார். நூல் கட்டி இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்தார். கூலி நூற்றைம்பது ரூபாய். இந்த எட்டு மாதத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆள் அவர்தான். அதையும் எழுதிவைக்கவேண்டும்.

பிரேக்குக்கு வருவோம். பழைய கம்பி பிரேக் ரிம்மை உள்பக்கமாக, போக்ஸ் கம்பி இருக்கும் பக்கத்திலிருந்து மேலே இழுத்துப் பிடிக்கும். புதிய ரிம்மில் கட்டை உட்காரத் தோதான முகம் அந்தப் பக்கத்தில் இல்லை. சரி, டிஸ்க் என்றால் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை மாட்ட ஃபிரேமில் காது வேண்டும். காது வைக்கப் படகு வேலை செய்யும் ஒரு பட்டறைக்குப் போனேன். “கேஸ் வைத்துப் பித்தளையில் ஊதுங்கள், கரண்ட் வெல்டிங் வேண்டாம், குழாய் மெல்லியது” என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையாட்டினார். நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் கரண்ட் வெல்டிங்கை வைத்து, நாற்பத்தைந்து வருடம் ஒரு கீறல் விழாத குழாயில் விரல் நுழையும் ஓட்டை போட்டிருந்தார். “இதைவிடத் தடிமனான தகட்டில்தான் எங்களுக்குப் பழக்கம்” என்கிறார். அதைத்தானே ஐயா நான் மூன்று முறை சொன்னேன்! ஓட்டையை அடைத்தாயிற்று. முன்பக்கம் டிஸ்க் வைக்கும் யோசனையை நானே கைவிட்டேன். டிஸ்க் பிடிக்கும்போது இழுவை முழுவதும் ஃபோர்க்கின் இடது காலில் விழும். 1978-இன் ஃபோர்க் அதற்காகச் செய்ததல்ல. கடற்கரைச் சாலையில் முன்சக்கரம் தனியாகவும் நான் தனியாகவும் போக எனக்கு விருப்பமில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். மரை விஷயம்தான் பொறுக்கவில்லை.

பெடல் சுற்றும் அச்சு ஃபிரேமின் அடியில் ஒரு கூட்டுக்குள் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு கப்பு, மரை போட்டு ஏற்றியது. அச்சை எடுக்குமுன் பெடலைத் தாங்கும் கையான கிராங்கைக் கழற்றவேண்டும். கிராங்கைப் பிடித்திருப்பது காட்டர் பின் என்னும் இரும்பு ஆப்பு. உப்புக்காற்றில் அது கிராங்கோடு ஒரே இரும்பாகிவிட்டது. மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? படகுக்காரரிடம் டீசல் வாங்கி ஒரு வாரம் ஊறவைத்தேன். சுத்தியலால் அடித்தேன், பின் வளைந்தது, வெளியே வரவில்லை. கடைசியில் துளைபோட்டு எடுத்தோம். பிறகு கப்பு. ஒரு பகல் முழுவதும் வலப்பக்கக் கப்பைக் கழற்றப் போராடினேன். ஸ்பேனருக்கு இரண்டடிக் குழாய் மாட்டி, ஏறி நின்றுகூடப் பார்த்தேன். சாயங்காலம் காக்கா வந்து பார்த்துவிட்டு, “தம்பி, அது இடது மரை. காலையிலிருந்து நீ முடுக்கிக்கொண்டிருக்கிறாய்” என்றார். உள்ளேயிருந்து உம்மாவின் குரல்: “அந்த மரை இருக்கட்டும், இவனுக்குத்தான் மரை கழன்றுவிட்டது.”

கழற்றினோம். புதிய அச்சு, கப்போடு முழுதாக அடைத்து வருவது, நேராகத் திருகிவிட்டால் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஒன்றரைச் சுற்று போனது, நின்றுவிட்டது. ஏன்? இந்தக் கப்பின் விட்டம் 1.37 அங்குலம். ஒன்றேகால் இல்லை, ஒன்றரை இல்லை, 1.37! எந்த மகராசன் எந்த மனநிலையில் வைத்த அளவோ. அங்குலத்துக்கு 24 மரை என்பது பரவலான வழக்கம். ஆனால் இங்கிலாந்தில் ராலே நிறுவனம் மட்டும் அதே விட்டத்தில் 26 மரை வெட்டியது. விட்டம் ஒன்று, மரை மட்டும் இரண்டு கூட. கண்ணால் பார்த்தால் தெரியாது, முதல் சுற்றில் தெரியாது, இரண்டாம் சுற்றில் பல்லை உடைத்த பிறகுதான் தெரியும். எங்கள் ஃபிரேமில் 24-ஆ, 26-ஆ? உள்ளே அரித்திருக்கும் துருவில் அளவுகோல் பல் வைத்து எண்ணமுடியவில்லை. லேத் பட்டறையில் தண்ணீர்க் குழாய்க்கு மரை வெட்டும் டேப் இருக்கிறது, படகு எஞ்சினுக்கு இருக்கிறது. 1.37 என்றதும் பட்டறைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் கல்யாணத்தில் வீடியோ எடுத்தவர்கூட என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

நடுவில் உப்பு தன் பங்கைச் செய்தது. சீட்டைத் தாங்கும் அலுமினியக் குழாயான சீட் போஸ்ட் ஒன்றைப் பொருத்திப் பார்ப்பதற்காகக் கிரீஸ் தடவாமல் செருகி, அப்படியே விட்டிருந்தேன். ஆனி, ஆடிக் கச்சான் காற்று கடலையே அள்ளித் திண்ணையில் தெளித்தது. இரும்பு, அலுமினியம், நடுவில் உப்பு நீர்: மூன்றும் சேர்ந்தால் அது பாட்டரி. அலுமினியம் பொருமி உள்ளேயே இறுகிவிட்டது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை இதே காற்றுக்காக ஓயாமல் பெயிண்ட் அடித்துக் காப்பாற்றினார்கள். நான் ஒரு விரல் கிரீஸ் தடவவில்லை. இது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழுவலாம் என்றால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் உப்பு. குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீரில் நான் ஃபிரேமைக் கழுவியதை உம்மா பார்த்துவிட்டார்கள். அந்த வாக்குவாதத்தை இங்கே எழுதமுடியாது.

“புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே?” என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து வரிசையில் நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் என் மச்சான் இருக்கிறார். நல்ல கிராவல் பைக் விலைக்குப் பழைய மோட்டார் சைக்கிளே வாங்கலாம். அதை வாங்கினாலும் ஐந்து வருடத்தில் அதன் ஹப்புக்கும் கப்புக்கும் வேறு அளவு வந்துவிடும். மாறாதது சீமைக்கருவேல முள் மட்டும். புது டயரையும் அது குத்தும், பழைய டயரையும் குத்தும், அளவெல்லாம் கேட்காது. டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் பால் போன்ற மருந்து முள் ஓட்டையை அடைக்கும் என்கிறார்கள். அடைக்கும்தான், எங்கள் வெயிலில் சில மாதத்தில் அது உள்ளேயே காய்ந்துபோகும் வரை. இத்தனைக்கும் இதே ஹெர்குலிஸ் வகைச் சைக்கிளில் கேரியர் நிறைய மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, நான் போக ஆசைப்படும் அதே மணல்வழியில் தினமும் விடியற்காலை ஆட்கள் போகிறார்கள். அவர்கள் யாரிடமும் போய்க் கிராவல் என்று சொல்லிவிடாதீர்கள். எனக்கு ஏற்கெனவே ஊரில் பெயர் கெட்டிருக்கிறது.

போன சனிக்கிழமை ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சக்கரம் பின்னால் வருகிற பஸ்ஸிலா?” என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். மதுரைக் கடைக்காரர் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். துணியால் துடைத்து மறுபடி பார்த்தார். பழைய கப்பை வாங்கிக் கண்ணருகே வைத்துத் திருப்பினார்.

“26 மாதிரித் தெரிகிறது” என்றார்.

மாதிரியாம்! டேப் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், 24.