எரிகிறதென்று நிறுத்தாதீர்கள், சீக்கிரம் ஆறட்டுமென்று அப்பாதீர்கள்

ரொம்ப நாளாக எழுத நினைத்தது இது. முகப்பருவுக்கோ, கன்னமும் மூக்கும் சிவந்து எரிகிற ரோசேசியா என்ற தோல் நோய்க்கோ டாக்டர் ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தால் பலரும் அதை இரண்டு விதமாகக் கெடுக்கிறார்கள். முதல் வாரமே எரிகிறது என்று டியூபை ஓரங்கட்டிவிடுவது ஒன்று. நாலு நாளில் முகம் தெளியவில்லையே என்று இரண்டு மடங்கு அப்பிக்கொள்வது இன்னொன்று. இரண்டும் அவசரத்தால் வருவதுதான். கடைசியில் கெட்ட பெயர் மருந்துக்கு.

அசெலாயிக் அமிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாகவே இருக்கும் பொருள். 20 சதவீத கிரீம் பருவுக்கும், 15 சதவீத ஜெல் ரோசேசியாவுக்கும் பல வருடங்களாகப் பயன்பாட்டில் இருக்கின்றன. பருவோடு சம்பந்தப்பட்ட பாக்டீரியாவை அடக்கும், தோல் துளைகள் அடைபடுவதைக் குறைக்கும், வீக்கத்தைத் தணிக்கும், பரு போன பிறகு நிற்கும் கருந்திட்டுகளையும் மங்க வைக்கும். ஆனால் எல்லாம் மெதுவாகத்தான். பருவில் மாற்றம் தெரியவே நான்கு வாரம் ஆகலாம். ரோசேசியாவுக்கு 12 வாரம் பூசியும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். அதுவரை பொறுமை வேண்டும்.

என் தங்கை இந்த ஜெல்லை ஆரம்பித்த புதிதில் ஒரு ராத்திரி போன் பண்ணினாள். “அக்கா, மூஞ்சியெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்கு, கழுவிடட்டுமா?” அதற்கு முன்னால் முகத்தில் என்ன போட்டாய் என்று கேட்டேன். ஸ்கிரப் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டு, ஆல்கஹால் கலந்த டோனரைத் துடைத்து, அது காய்வதற்குள் ஜெல்லைப் பூசியிருக்கிறாள். எரியாமல் என்ன செய்யும்? கழுவச் சொன்னேன். அந்த ஸ்கிரப்பையும் டோனரையும் விட்ட பிறகு அதே ஜெல் அவளுக்கு ஒத்துக்கொண்டது.

மென்மையான ஃபேஸ்வாஷில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, முகம் முழுசாகக் காய்ந்த பிறகே பூச வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியில் இருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். ஒரு வேளைக்கு முழு முகத்துக்கும் அதுவே போதும். நெற்றி, கன்னங்கள், தாடை என்று புள்ளி புள்ளியாக வைத்து மெல்லிசாகப் பரப்புங்கள். மூக்கோரத்து மடிப்பிலும் வாயோரத்திலும் மருந்து தேங்கவிடாதீர்கள், அங்கேதான் அதிகம் காந்தும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பூசி முடித்ததும் கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்குகிறவர்கள் நிறையப் பேர். மருந்து காய்ந்ததும் மாய்ச்சரைசர், பகலில் அதன் மேல் சன்ஸ்கிரீன். ரோசேசியாவை வெயில் போலக் கிளப்பிவிடுவது வேறெதுவும் இல்லை என்றே சொல்வேன்.

ஆரம்ப வாரங்களில் பூசியதும் கொஞ்ச நேரம் குறுகுறுப்பு, காந்தல், அரிப்பு இருப்பது சகஜம். விடாமல் எரிந்தால் தினம் இரண்டு வேளை என்பதை ஒரு வேளையாகக் குறைக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். முகம் வீங்கினாலோ, தடிப்புத் தடிப்பாக எழும்பினாலோ, மூச்சு விடக் கஷ்டமாக இருந்தாலோ நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவிக்குப் போங்கள். இந்த மருந்தால் ஆஸ்துமா மோசமானதாகவும் சிலரிடம் பதிவாகியிருக்கிறது, அதனால் ஆஸ்துமா இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் அபூர்வமாகச் சில இடங்கள் வெளுக்கலாம். அப்படித் தெரிந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஸ்டீராய்டு கிரீம் விஷயத்தில். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒன்று கலந்த டியூபை, “எனக்கு ரெண்டே நாள்ல சரியாச்சு, நீயும் போடு” என்று கை மாற்றி விடுகிறார்கள். ரெண்டு நாளில் சிவப்பு அடங்கும், உண்மைதான். ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வரும் தெளிச்சி அது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். பயந்து மறுபடி பூசுவார்கள். மாதக்கணக்கில் இப்படியே போனால் தோல் மெலிந்து, குழாய்கள் வெளியே தெரிந்து, ஸ்டீராய்டே பருவையும் ரோசேசியாவையும் உண்டாக்கிவிடும். ஏற்கெனவே நீண்ட நாளாகப் பூசி வருகிறீர்கள் என்றால் எப்படி நிறுத்துவது என்பதையும் தோல் டாக்டரிடமே கேளுங்கள். உங்களுக்குச் சரியான மருந்தை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்டாலும்.

பருவும் ரோசேசியாவும் பார்க்க ஒன்று போல இருந்தாலும் வேறு வேறு. பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்கும், ரோசேசியாவில் அவை இருக்காது. கன்னமும் மூக்கும் திடீரென்று சூடாகிச் சிவக்கும். கருந்தோலில் அந்தச் சிவப்பு சட்டென்று கண்ணில் படாது. சூடும் எரிச்சலும் பொரிப்பொரியாக வருவதும்தான் அடையாளம். அதனாலேயே பலருக்குப் பரு என்று நினைத்து வருடக்கணக்கில் ஓடிவிடுகிறது. பருவுக்கான பென்சாயில் பெராக்சைடையும் அடாபலீனையும் ரோசேசியா முகத்தில் தானாகப் பூசினால் பலருக்குத் தாங்காது. கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ எந்த டியூபாக இருந்தாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்றவற்றை அந்தச் சமயத்தில் தவிர்க்கச் சொல்வார்கள்.

இன்னொன்று. ரோசேசியா கண்ணையும் பிடிக்கும். மணல் விழுந்தது போல உறுத்தல், இமையோரம் சிவப்பு, வெளிச்சம் பார்த்தால் கூச்சம் என்று இருந்தால் முகத்துக்குத் தந்த ஜெல்லை இமை பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது, கண் டாக்டரிடம் காட்டுங்கள்.