பாதி மனை விற்றால் பாவமா?

பத்திரப் பதிவு அலுவலகத்தில் இன்றைக்கும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டோக்கன் வாங்கி, ஆதாரைக் காட்டி, கைரேகை வைக்கிற மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் "இது 22-ஏ-ல வருது சார்" என்கிறார்கள். அப்ரூவல் இல்லாத மனையைப் பதியக் கூடாது என்கிற பதிவுச் சட்டப் பிரிவு அது. இதைப் படித்ததுமே உங்களில் பாதிப் பேருக்கு வயிறு கலங்கியிருக்கும்.

செங்கல்பட்டுப் பக்கம் 1996-ல் அப்பா வாங்கிய ஒரு கிரவுண்டு. நெல் வயலில் கல் நட்டு, செம்மண் ரோடு போட்டு, பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தோடு கூவிக் கூவி விற்ற மனைகளில் ஒன்று. அன்றைக்கு இதே பதிவுத்துறைதான் முத்திரைத்தாள் பணத்தை வாங்கிக்கொண்டு பதிந்து கொடுத்தது. நகரமைப்புத் துறை அப்ரூவல் எங்கே என்று ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்த 2400 சதுர அடியில் பாதியைப் பக்கத்து மனைக்காரர் கேட்கிறார், நானும் கொடுக்கிறேன் என்றேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

"முழுசா வித்தா இப்பவே பதிஞ்சுடலாம் சார். பாதின்னா அப்ரூவல் வேணும்."

"முழு மனைக்கு அப்ரூவல் இருக்கா சார்?"

"இல்ல."

"அப்ப அது மட்டும் எப்படி?"

"அது ஏற்கெனவே மனையா பதிவாயிருக்கு. பாதி மனை பதிவாகலையே."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, பாவம், ஒரு தாளில் கட்டம் வரைந்து நடுவில் கோடு போட்டுக் காட்டினார். "இந்தக் கோடுதான் சார் பிரச்சினை." சரி, முழு மனையையும் அவருக்கு விற்றுவிட்டுப் பாதியை நானே திருப்பி வாங்கிக்கொண்டால்? கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "அதுவும் பாதிதானே சார்." வெளியே வந்தால் பத்திரம் எழுதுகிறவர் காதோரம் ரகசியம் சொல்கிறார்: பிரிக்காத பாகமாக எழுதிக்கொள்ளலாமாம். அதாவது எது யார் பாதி என்று பத்திரத்தில் இருக்காது. அவர் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் மதில் சுவருக்காக சிவில் கோர்ட்டில் நின்று பேசித் தீர்த்துக்கொள்வார்கள் போல.

2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது சரிதான், நான் மறுக்கவில்லை. வயலையெல்லாம் இப்படிக் கூறு போட்டு விற்றால் சோற்றுக்கு எங்கே போவது? ஆனால் கூறு போட்டவன் காசோடு போய்ச் சேர்ந்துவிட்டான். மாட்டிக்கொண்டது வாங்கினவன். இப்படி மாட்டிய மனைகளை முறைப்படுத்த 2017-ல் வரன்முறை விதி கொண்டுவந்தார்கள், 20.10.2016-க்கு முன் விற்ற மனைகளுக்கு. கெடுவை நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள், நீட்டிக்கொண்டே போனார்கள். ஆனால் மனைக்கு முன்னால் மொத்த லேஅவுட்டுக்கும் ஒப்புதல் வேண்டும், அதற்கு ரோட்டை ஊராட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். ரோடு இன்னும் லேஅவுட் போட்ட புண்ணியவான் பேரில் இருக்கிறது. அவர் நம்பருக்கு அடித்தால் யாரோ ஒரு அம்மா எடுத்து, "இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க தம்பி, உங்களை மாதிரி நிறையப் பேர் பண்றாங்க" என்கிறார். சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது?

அதை விடுங்கள். அந்த ஆபீஸ் வாசல் ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கத்துக்கு ஐந்து ரூபாய் வாங்குகிறான், அதுவும் பாதி எழுத்து விழவே இல்லை, கேட்டால் ஒரிஜினலே மங்கல் என்கிறான். இதைக் கேட்க ஒரு சட்டம் கிடையாதா?